‘செக்’ என்றால் முதலில் ‘தடு’. ‘சோதி’ என்பது பிறகு வந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் செய்திகளிலும் படிவங்களிலும் பொருள்களோடு வரும் கையேடுகளிலும் ஒரே ஒரு சிறிய சொல் விடாமல் பிழையாகப் பெயர்க்கப்பட்டு வருகிறது. ‘செக்’ என்ற ஓரசைச் சொல்தான் அது. கண்ட இடமெல்லாம் ‘சோதனை’ என்றோ ‘சரிபார்ப்பு’ என்றோ போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அதனால் ‘செக் வால்வு’ சோதனை வால்வு ஆகிறது. விமானத்தில் ‘செக்ட் பேகேஜ்’ சோதனையிடப்பட்ட பெட்டி ஆகிறது. படிவத்தில் டிக் போடச் சொன்ன இடத்தில் ‘பெட்டியைச் சரிபார்க்கவும்’ என்று அச்சாகிறது. மூன்றுமே தவறு. ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால் அந்தச் சொல் நடந்து வந்த பாதையைப் பார்க்க வேண்டும். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

இந்தச் சொல் பிறந்தது பாரசீகத்தில், சதுரங்கப் பலகையின் மேல். எதிராளியின் அரசனைத் தாக்கும்படி காயை நகர்த்தியவர், ‘ஷா’ என்று குரல் கொடுத்து எச்சரிப்பார். ஷா என்றால் அரசன். ‘உன் அரசனைப் பார்த்துக்கொள்’ என்பது அதன் உட்பொருள். தமிழில் நாம் சொல்லும் பாதுஷாவின் ஈற்றில் நிற்பதும் இதே ஷாதான். பழம்பாரசீகத்தில் அதன் முழு வடிவம் ‘க்ஷாயதிய’. ஆளுகை என்ற பொருளுடைய ‘க்ஷத்ர’ என்ற வடசொல்லும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆக, சத்திரியர் என்று நாம் எழுதும் சொல்லும் ஆங்கிலேயரின் ‘செக்’கும் தூரத்து உறவினர்கள்.

பாரசீகரிடமிருந்து ஆட்டம் அரேபியருக்குப் போயிற்று. அவர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. லத்தீன் எழுதியவர்கள் ‘ஷா’வின் ஈற்றில் இருந்த மெல்லிய ஹகர ஒலியைக் ககரமாக்கி ‘ஸ்காக்குஸ்’ என்றார்கள். பழைய பிரெஞ்சில் அது ‘எஷெக்’ ஆனது. ஆங்கிலேயர் முதலில் நின்ற எகரத்தை உதிர்த்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள்: ‘செக்’. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையான ‘எஷே’ என்பதிலிருந்துதான் ‘செஸ்’ வந்தது. ‘செஸ்’ என்ற ஆட்டத்தின் பெயரும் ‘செக்’ என்ற எச்சரிக்கையும் ஒரே சொல்லின் பன்மையும் ஒருமையும் என்பது ஆங்கிலம் பேசுவோரிலேயே பலருக்குத் தெரியாது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புகளைச் சொல்லும் ‘சதுரங்கம்’ என்ற பெயரை நாம் வைத்துக்கொண்டோம். அரேபியர் அதை ‘ஷத்ரஞ்ச்’ என்றார்கள். ஸ்பானியர் அதிலிருந்து ‘அஹெத்ரேத்’ என்றார்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் படையை விட்டு அரசனைப் பிடித்துக்கொண்டார்கள். ரஷ்யர்களோ ‘ஷா மாத்’ என்ற முடிவுக் குரலையே ஆட்டத்துக்குப் பெயராக்கி ‘ஷாஹ்மதி’ என்கிறார்கள்.

‘செக்மேட்’ என்பதில் வரும் ‘மேட்’ இந்த ‘மாத்’தான். ‘அரசன் இறந்தான்’ என்று அதற்குப் பொருள் சொல்வது நெடுநாள் வழக்கம். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பதால் வந்த விளக்கம் அது. ஆனால் பாரசீகத்தில் ‘மாத்’ என்பது செய்வதறியாமல் திகைத்து நிற்பவனைக் குறிக்கும். ஆட்டத்தின் விதியோடு பொருந்துவதும் இதுவே. சதுரங்கத்தில் அரசன் வெட்டப்படுவதே இல்லை. போக இடமின்றி நிற்கும்போது ஆட்டம் முடிந்துவிடுகிறது. நண்பனைக் குறிக்கும் ஆங்கில ‘மேட்’டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அது ஒரே இலையில் உண்பவன் என்ற பொருளில் ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்தது. இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’டின் உறவு.

இனிமேல்தான் மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய இடம். ‘செக்’ என்று சொல்லிவிட்டால் எதிராளி தன் விருப்பப்படி ஆட முடியாது. என்ன திட்டம் வைத்திருந்தாலும் அதை நிறுத்திவிட்டு அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். இதனால் 14-ஆம் நூற்றாண்டிலேயே ‘செக்’ என்பது பலகையை விட்டு இறங்கி ‘நிறுத்து’, ‘தடு’, ‘அடக்கு’ என்ற பொதுப் பொருளைப் பெற்றது. கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்துவதும் செக், படை முன்னேறுவதைத் தடுப்பதும் செக், கோபத்தை அடக்குவதும் செக். ‘சரிபார்’ என்ற பொருள் தெளிவாகத் தென்படுவது 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். தடுப்பதுதான் மூத்தது. பிரெஞ்சில் இதே சொல் வேறு பக்கம் போனது: அங்கே ‘எஷெக்’ என்றால் இன்று தோல்வி என்று பொருள்.

தடுப்பு எப்படிச் சரிபார்ப்பாக மாறியது? இதற்குப் பதில் இங்கிலாந்து அரசின் கணக்கு மேசையில் இருக்கிறது. அந்த மேசையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது தகும்.

சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஷெக்கியே’ என்று பெயர். அதே பெயரை 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசின் வரவு செலவு பார்க்கும் அமைப்புக்கும் வைத்தார்கள். பின்னாளில் லத்தீன் முன்னொட்டு என்று தவறாக எண்ணி ஒரு ‘எக்ஸ்’ சேர்த்து ‘எக்ஸ்செக்கர்’ ஆக்கிவிட்டார்கள். அந்த அமைப்பின் கணக்குச் சுருள்களில் இன்று எஞ்சியிருப்பதில் மிகப் பழையது 1130-ஆம் ஆண்டுக்கு உரியது. கருவூல அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் 1170-களின் இறுதியில் அங்கே வேலை நடக்கும் விதத்தைக் கேள்வி பதிலாக எழுதி வைத்தார். மேசை சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம். காசுகள் உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே விரித்தது கறுப்புத் துணி. அதில் ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள்.

கோடுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பு. வலது ஓரத்தில் பென்னி, அதற்கு இடப்பக்கம் ஷில்லிங், பிறகு பவுண்டு, பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், அரிதாகப் பத்தாயிரம். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆகவே பென்னிப் பத்தியில் 11 காசுக்கு மேலும் ஷில்லிங் பத்தியில் 19-க்கு மேலும் இருக்கக் கூடாது. மிஞ்சினால் எடுத்துவிட்டு இடப்பக்கத்தில் ஒன்று வைக்க வேண்டும். ஒரு மாவட்ட அதிகாரி கட்ட வேண்டியது 87 பவுண்டு 14 ஷில்லிங் 9 பென்னி என்று வைத்துக்கொள்வோம். இருபதின் பத்தியில் 4, பவுண்டில் 7, ஷில்லிங்கில் 14, பென்னியில் 9 காசுகள் மேல் வரிசையில் அடுக்கப்படும். அவர் முன்பே கட்டியது 65 பவுண்டு 16 ஷில்லிங் 10 பென்னி. அது கீழ் வரிசை. மேலே பென்னி 9-தான் இருப்பதால் ஒரு ஷில்லிங்கை எடுத்து 12 பென்னியாக உடைத்தால் 21 ஆகும். பத்துப் போக 11. ஷில்லிங்கில் எஞ்சிய 13 போதாது. ஒரு பவுண்டை உடைத்தால் 33. பதினாறு போக 17. பவுண்டில் 86-இலிருந்து 65 போக 21. நிலுவை 21 பவுண்டு 17 ஷில்லிங் 11 பென்னி. எழுத்தறியாதவரும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். ரோமன் எண்களில் பத்தி போட்டுக் கழிக்க வழியில்லை. காசு வைக்காத வெற்றுப் பத்தியே சுழியின் வேலையைச் செய்தது.

மேசைக்கு ஒருபுறம் கருவூலத்தார், மறுபுறம் மாவட்ட அதிகாரி. சதுரங்க ஆட்டக்காரர் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து மோதுவதைப் போல இருக்கிறது, பெயர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஃபிட்ஸ்நீலே சொல்கிறார். பிரிட்டிஷ் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் இன்றும் ‘எக்ஸ்செக்கர்’ இருப்பது இந்தத் துணியால்தான். பல்கலைக்கழக வழக்கைப் பின்பற்றி அவரைச் சிலர் ‘கருவூல வேந்தர்’ என்று எழுதுகிறார்கள். ‘பிரிட்டன் நிதியமைச்சர்’ என்றாலே போதும். வாசகர் குழம்ப மாட்டார்.

பணம் கட்டியதற்கு ரசீது தாளில் அல்ல, மரக்குச்சியில். அநேகமாக ஹேசல் மரக் கிளை. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியின் பருமன், ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறியது, பென்னிக்கு மரத்தை எடுக்காமல் வெறும் கீறல். வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். வெட்டுகள் இரு பாதியிலும் விழுந்திருக்கும். கைப்பிடியோடு கூடிய நீண்ட பாதி பணம் கட்டியவருக்கு. அதன் பெயர் ‘ஸ்டாக்’. குட்டைப் பாதி கருவூலத்துக்கு. அதன் பெயர் ‘ஃபாயில்’. கணக்குத் தீர்க்கும் நாளில் இரண்டையும் சேர்த்துப் பொருத்துவார்கள். ஒருவர் தம் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டால் மற்றதில் அது இருக்காது. வேறு குச்சியைக் கொண்டுவந்தால் மரத்தின் ரேகை பொருந்தாது. 1826-இல் இந்த முறை ஓய்ந்தது. மிஞ்சிக் கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தபோது தீ மீறிப் போய், நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி சாம்பலானது.

பொருத்திப் பார்க்கும் இந்த வழக்கத்தில்தான் தடுப்பு சரிபார்ப்பாகிறது. மோசடியைத் தடுக்கும் எதிர்ப்பாதிக்குச் ‘செக்’ என்று பெயர் வந்தது. அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் ‘செக்’ ஆனது. 1706-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம் ஒன்று, எக்ஸ்செக்கர் பில் என்ற அரசுக் கடன் பத்திரங்களின் அடிக்கட்டையைக் குறிக்க இச்சொல்லை ஆள்கிறது. முதலில் அடிக்கட்டைதான் செக். பிறகு அடிக்கட்டை உள்ள பத்திரம், அதன் பிறகு வங்கிக்கு எழுதும் பண உத்தரவு என்று பொருள் நகர்ந்தது. அதாவது காசோலையில் நாம் கிழித்துக் கொடுக்கும் பகுதியை விட, புத்தகத்தில் தங்கும் பகுதிக்கே இந்தப் பெயர் முதலில் உரியது.

இங்கே ஒரு திருத்தம் அவசியம். காசோலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அரபு ‘ஸக்’ என்பதிலிருந்து வந்தது என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. ஸக் என்பது எழுதிய பத்திரம். இடைக்கால அரபு வணிகர்கள் அதைக் கொண்டு பணம் மாற்றியது உண்மை. கருவி அவர்களுடையது என்று பெருமையாகச் சொல்லலாம். சொல் அவர்களுடையது அல்ல. ‘ஸக்’ நேராக வந்திருந்தால் ஆங்கிலத்தில் அதன் முதல் பொருள் பண உத்தரவாக இருந்திருக்கும், அடிக்கட்டையாக இருந்திருக்காது. எழுத்திலும் அது முதலில் தடுப்பைக் குறிக்கும் செக்கைப் போலவேதான் எழுதப்பட்டது. அமெரிக்கர்கள் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லின் சாயலில் பிரிட்டிஷ்காரர் ‘check’ என்ற எழுத்தை ‘cheque’ என்று மாற்றிக்கொண்டார்கள். வங்கியியல் எழுத்தாளர் ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் 1820-களின் இறுதியில், குழப்பம் இல்லாதிருக்கவும் எக்ஸ்செக்கரோடு ஒத்திருக்கவும் இந்த வடிவத்தைத் தேர்ந்ததாகக் காரணமே எழுதியிருக்கிறார். ஒலியின் ஒற்றுமை மட்டும் வேரைக் காட்டாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஆங்கிலத்தில் அடிக்கட்டைக்கு வழங்கும் ‘கவுன்டர்ஃபாயில்’ என்பதில் இருப்பது குச்சியின் குட்டைப் பாதியான அந்த ‘ஃபாயில்’. லத்தீனில் இலை என்ற பொருளுடைய ‘ஃபோலியம்’ அதன் மூலம். நாம் ‘காசோலை’ என்கிறோம்; காசுக்கான ஓலை. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமல் இலையிடமே போயிருக்கின்றன. இந்த நல்ல சொல் கையில் இருக்கும்போது செய்தியில் ‘செக்’ என்று எழுதத் தேவையே இல்லை.

ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பொருளுக்கு இன்றைய சான்று, நூல்களின் பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண். கடைசி இலக்கம் ‘செக் டிஜிட்’. சரிபார்ப்பு இலக்கம் என்பது சரியான தமிழ். 978-0-306-40615-7 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 12 இலக்கங்களை மாறி மாறி 1-ஆலும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 93. அடுத்த பத்தின் மடங்கான நூறை எட்ட 7 வேண்டும். அதுவே கடைசி இலக்கம். ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இது எப்போதும் கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் கண்டுபிடிக்கும். இரண்டுக்கும் வேறுபாடு 5 என்றால் மட்டும் கோட்டைவிடும். இதே எண்ணில் உள்ள 6-ஐயும் 1-ஐயும் இடம் மாற்றி 40165 என்று எழுதிப் பாருங்கள். கூட்டுத்தொகை 83 ஆகிறது. தேவைப்படுவது அப்போதும் 7. பிழை தப்பித்துவிடுகிறது.

இனிப் பிழைகளுக்கு வருகிறேன்.

மிகக் கெடுதலானது ‘சோதனை வால்வு’. தண்ணீர்க் குழாயில் ஒரே திசையில் மட்டும் நீரைப் போகவிட்டு, திரும்பி வருவதைத் தடுப்பதே செக் வால்வு. உள்ளே மேல்பக்கம் கீலில் தொங்கும் ஒரு தகடு இருக்கும். பம்பு ஓடும்போது நீர் அதைத் தள்ளித் திறக்கும். பம்பு நின்றதும் தகடு தன் எடையாலும் திரும்பும் நீரின் அழுத்தத்தாலும் இருக்கையில் வந்து படியும். வால்வின் உடலில் அம்புக்குறி பொறித்திருப்பார்கள். அம்பு நீர் போகும் திசையைக் காட்டும்படி பூட்ட வேண்டும்; மாற்றிப் பூட்டினால் பம்பு ஓடும், நீர் வராது. தகடு வகையைப் படுக்கைக் குழாயிலும், நீர் மேலேறும் நிமிர்ந்த குழாயிலும் வைக்கலாம். நீர் கீழிறங்கும் குழாயில் வைத்தால் தகடு தொங்கித் திறந்தே கிடக்கும். இருக்கையில் மணலோ நூலோ சிக்கினால் நீர் கசிந்து திரும்பும். உறிஞ்சு குழாயில் காற்று ஏறி மறுமுறை பம்பு நீர் எடுக்காது. தகடு தாமதமாக மூடினால் திரும்பி வரும் நீர் அதை அறைந்து சாத்தும், குழாயே அதிரும், அங்கே ஸ்பிரிங் வகை நல்லது. இவ்வளவு வேலை செய்யும் பொருளைச் ‘சோதனை வால்வு’ என்று கையேட்டில் அச்சிட்டால், எப்போதாவது திறந்து சோதிப்பதற்கான ஒன்று, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் வாசகர் எண்ணுவார். சோதனைக்கென்றே வேறு வால்வுகள் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பு. ‘ஒருவழி வால்வு’ என்று எழுதினால் போதும்.

பொறியாளர்கள் இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்ட இடமும் உண்டு. ஓடையின் குறுக்கே நீரின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் படியவைக்கும் சிறு கட்டுமானம் ஆங்கிலத்தில் ‘செக் டேம்’. அதைத் ‘தடுப்பணை’ என்றார்கள். யாரும் ‘சோதனை அணை’ என்று சொல்லவில்லை. அதே கண்ணோடு மற்றவற்றையும் பார்த்திருக்கலாம். ஒரு நட் தளராமல் இருக்க அதன் மேல் இறுக்கும் இரண்டாவது நட்டைத் தொழிற்கூடத்தில் ‘செக் நட்’ என்றே சொல்கிறார்கள். அங்கும் பொருள் தடுப்பதுதான்.

மரவேலையில் ‘செக்’ என்பது வெடிப்பு. பச்சை மரம் காயும்போது வெளிப்பகுதி முதலில் சுருங்குகிறது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம், மையத்தை நோக்கிய திசையில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த இழுவிசை தாங்காமல் வளையங்களைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு வெடிப்பு விழும். வெட்டிய முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசினால் குறையும். வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே பிரிவது வேறு கோளாறு. ஆங்கிலத்திலும் அதற்குப் பெயர் வேறு.

அரசியல் செய்திகளில் ‘செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்’ வரும். சரிபார்ப்புகளும் சமநிலைகளும் என்று எழுதினால் தணிக்கை அதிகாரிகள் கணக்குப் பார்ப்பதாகத் தோன்றும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ 1748-இல், அதிகாரத்தை அதிகாரமே நிறுத்தும்படி அமைப்பு இருக்க வேண்டும் என்று எழுதினார். பிரெஞ்சில் அவர் ஆண்ட வினை ‘நிறுத்து’. ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அந்த இடத்தில் ‘செக்’ என்று போட்டார். நாடாளுமன்றம் நிறைவேற்றியதை அதிபர் திருப்பி அனுப்புவது ஒரு தடுப்பு. அமெரிக்காவில் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அதையும் மீறலாம். அது மறு தடுப்பு. ‘பரஸ்பரத் தடுப்பும் அதிகாரச் சமநிலையும்’ என்பது பொருளுக்கு நேர்மையானது. ‘அன்செக்ட் பவர்’ என்பதும் சரிபார்க்கப்படாத அதிகாரம் அல்ல, கட்டற்ற அதிகாரம். ‘இன் செக்’ என்றால் கட்டுக்குள்.

பயணப்பெட்டிக்கு வருவோம். அமெரிக்க ரயில்களில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரே எண் பொறித்த இரண்டு பித்தளை வில்லைகள் இருந்தன. ஒன்று பெட்டியில், மற்றது பயணியின் கையில். வில்லையின் பெயர் செக். மறுபடியும் அதே பிளந்த குச்சிதான். வில்லை வாங்கிக்கொண்டு ஒப்படைத்த பெட்டிதான் ‘செக்ட் பேகேஜ்’. விமான நிலையத்தில் கைப்பெட்டியையும் சோதிக்கத்தான் செய்கிறார்கள். ஆகவே ‘சோதனையிடப்பட்ட பெட்டிக்கு இவ்வளவு எடை’ என்று எழுதினால் பயணி எதை எங்கே வைப்பார்? ‘ஒப்படைக்கும் பெட்டி’ என்று எழுதுங்கள். ‘ரெயின் செக்’ என்பதும் மழையைச் சோதிப்பது அல்ல. பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால் இன்னொரு நாள் உள்ளே போகப் பயன்படும் நுழைவுச்சீட்டின் துண்டு அது. பேச்சில் ‘இன்னொரு முறை பார்க்கலாம்’ என்று நாசூக்காக மறுப்பதற்கு ஆகிவந்தது. அமெரிக்கப் படங்களின் வசன வரிகளில் உணவு முடிந்ததும் கேட்கும் ‘செக்’ காசோலை அல்ல, பில்.

படிவங்களில் ‘செக் தி பாக்ஸ்’ என்றால் கட்டத்தில் டிக் செய்யவும். ‘அன்செக்’ என்றால் டிக்கை எடுத்துவிடவும். அமெரிக்காவில் டிக் குறியின் பெயரே செக்.

கட்டம் போட்ட துணி, ரேஸ் முடிவில் காட்டும் கறுப்பு வெள்ளைக் கொடி, ‘செக்கர்ஸ்’ என்ற ஆட்டம் எல்லாம் பலகையின் வடிவத்திலிருந்து வந்தவை. இவற்றில் பிழை நேர்வது குறைவு. ‘செக்கர்ட் கேரியர்’ என்ற மரபுத்தொடரில் மட்டும் கவனம் வேண்டும். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதைப் போல ஏற்ற இறக்கம் நிறைந்த வாழ்க்கை என்பது பொருள்.

செய்தித் தலைப்புகளில் ‘இன்னார்க்குச் செக் வைத்தார்’ என்று எழுதும் வழக்கத்தைச் சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. சொல்லின் ஆதிப்பொருள் அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் ‘செக்’குக்கும் ‘செக்மேட்’டுக்கும் வேறுபாடு காக்கப்பட வேண்டும். ‘செக்’ என்ற முற்றுகையிலிருந்து மீள மூன்று வழிகள் உண்டு: அரசனை நகர்த்துவது, இடையில் ஒரு காயை வைத்து மறைப்பது, தாக்கும் காயை வெட்டுவது. மூன்றும் அடைபட்டால்தான் செக்மேட், இறுதி முற்றுகை. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே ‘செக்மேட்’ என்று தலைப்பிடுவது செய்தியாகவே தவறு. ‘ஸ்டேல்மேட்’ மூன்றாவது நிலை: அரசன் மேல் தாக்குதல் இல்லை, ஆனாலும் ஆட ஒரு நகர்வும் இல்லை, ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும். பேச்சுவார்த்தைச் செய்திகளில் அதற்கு ‘முட்டுக்கட்டை’ பொருந்தும். ‘டபுள் செக்’ வந்தால் எந்தச் செய்தி என்று பாருங்கள். அன்றாட ஆங்கிலத்தில் மறுமுறை சரிபார்ப்பது. சதுரங்கச் செய்தியில் இரண்டு காய்கள் ஒரே நேரத்தில் அரசனைத் தாக்குவது. அதற்கு மறைப்பதும் வெட்டுவதும் பயன்படாது. அரசனை நகர்த்துவது ஒன்றே வழி.

கடைசியாக எழுத்து முறை. தமிழ் எழுத்தில் காசோலையும் முற்றுகையும் மத்திய ஐரோப்பிய நாடும் எல்லாம் ‘செக்’ என்றே விழுகின்றன. நாட்டின் பெயர் முற்றிலும் வேறு சொல். ஒரு மக்களினத்தின் பெயர். வேற்றுமை உருபு சேர்ந்தால் எண்ணெய் ஆட்டும் செக்கும் இதில் கலந்துகொள்கிறது: ‘செக்கை மாற்றினார்’ என்றால் எதை என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே பணத்துக்குக் காசோலை, ஆட்டத்துக்கு முற்றுகை, நாட்டுக்கு எப்போதும் முழுமையாகச் ‘செக் குடியரசு’, அந்நாட்டவருக்குச் ‘செக் குடியரசு வீரர்’ என்பது போல எழுதும்படி உங்கள் செய்திப் பிரிவுக்கும் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும் அறிவுறுத்த வேண்டுகிறேன். மொழிபெயர்ப்புப் பிரதியில் ‘சோதனை’, ‘சரிபார்ப்பு’ என்ற சொற்கள் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஆங்கில மூலத்தில் இருப்பது ‘செக்’தானா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ‘செக்’ என்றால், அந்த இடத்தில் எதையாவது தடுக்கிறார்களா, எதனோடாவது பொருத்திப் பார்க்கிறார்களா என்று கேட்டுவிட்டு அச்சுக்கு அனுப்பட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
மொழிபெயர்ப்பாளர்